இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை: புத்தளக் கரையிலிருந்து ஒரு மறுப்பு

சிங்கள மக்களிடையே “இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல” என்றொரு பழமொழி வழங்குகின்றது. போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கென்று ஒல்லாந்தரை அழைத்த கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் இறுதியிற் கண்ட பயன் யாது என்பதை இப்பழமொழி சுருங்கச் சொல்லிவிடுகின்றது. வரலாற்று மாணவர் இதனைப் பரீட்சை விடைத்தாளில் எழுதிப் புள்ளிகள் பெறுகின்றனர். ஆயின், அதே மாணவர் பொருளியல் விரிவுரை மண்டபத்துள் நுழைந்ததும் பழமொழியை வாயிலிலேயே விட்டுவிடுகின்றனர். சீனத்தின் செல்வாக்கை எதிர்கொள்ள வேண்டுமாயின் அயல்நாடுகளுடன், குறிப்பாக இந்தியாவுடன், வர்த்தகக் கூட்டுறவை வலுப்படுத்துவதே ஒரே வழி என்னும் வாதம் அங்கே கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. அயல்நாட்டு வர்த்தகம் வேண்டாம் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வேண்டும், இன்றிருப்பதிலும் பன்மடங்கு வேண்டும். ஆனால், ஒரு வல்லரசை மறிப்பதற்கென்று மற்றொரு வல்லரசுடன் செய்துகொள்ளப்படும் வர்த்தகம் கரையில் வாழ்பவனுக்குரிய வர்த்தகம் ஆவதில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். இதற்குரிய சான்றுகளைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை ஒன்றே போதுமானது.

முதலில் எதிர்வாதத்தை அதற்குரிய வலுவுடன் எடுத்துரைத்தல் நேர்மையாகும். இலங்கை ஒரு சிறு நாடு. சீனம் தொலைவிலிருக்கும் வல்லரசு. அதன் பணப்பை ஆழமானது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியொன்றிடம் சென்றது. எமது மாவட்டத்தின் நுரைச்சோலையில் எழுந்து நிற்கும் அனல்மின் நிலையமும் சீன வங்கிக் கடனிற் சீனக் கம்பனியால் அமைக்கப்பட்டதே. தனித்து நின்று எதிர்க்க இயலாத சிறு நாடு அயலவருடன் இணைந்து நிற்றல் வேண்டும். இணைக்கும் கயிறு வர்த்தகமே. மேலும், 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கடனாகவும் வேறு வகைகளிலும் உதவியது இந்தியாவே. இவற்றையெல்லாம் மறுப்பது உண்மையை மறுப்பதாகும். உதவிய கையை மறப்பதும் தமிழர் பண்பன்று. எமது வினா வேறு. நன்றியுணர்வு ஒன்று, பேரம் பேசும் கொள்கை மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்குவது முறையா என்பதே வினா.

புத்தளக் கரையின் பழைய வாணிபம் எவரையும் எதிர்ப்பதற்காகத் தோன்றியதன்று. 1344இல் இக்கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மாபார், மலபார்க் கரைகளிலிருந்து வந்தோர் அவற்றை எடுத்துச் சென்று, அதற்கீடாக மன்னனுக்குத் துணியும் அதுபோன்ற பொருள்களும் கொடுத்ததையும் எழுதிவைத்துள்ளான். இவனை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக்கள் இருந்தன. பிற்காலத்திற் கண்டி இராச்சியத்தின் பாக்கு, தவளம் எனப்பட்ட பொதிமாட்டு அணிகளில் ஏறிப் புத்தளம் வந்தது; இங்கிருந்து உப்பும் கருவாடும் துணியும் அதே மாடுகளில் மலையேறின. இவ்வாணிபத்தின் முதுகெலும்பாக விளங்கியவர் முஸ்லிம் வணிகர். காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் புத்தளத்தையும் கற்பிட்டியையும் உறவுமுறையே பிணைத்து நின்றது. இக்கட்டுரையாளன் பிறந்து வளர்ந்த உடப்பு மக்களும் தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தனர் என்றே பரம்பரையாகக் கூறுவர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கைத் தகவற் களஞ்சியமும், 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாறும், கடலின் இரு கரைகளையும் ஒரே உலகமாகக் கண்ட மனம் எத்தகையது என்பதற்குச் சான்றாகும். பாக்கு வேண்டியவன் துணி கொடுத்தான். துணி வேண்டியவன் பாக்குக் கொடுத்தான். தேவையே அவ்வாணிபத்தின் முதற் காரணம்.

இவ்வுலகத்தைக் குலைத்தது எது? போர்த்துக்கேயர் அதனை நெருக்கினர் என்பது உண்மை. அந்நெருக்கடிக்குக் கண்டி கண்ட மருந்துதான் நோயினும் கொடிதாயிற்று. 1638 மே மாதம் இராசசிங்கன் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். பகைவனை விரட்ட ஒல்லாந்தர் படை தருவர். போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய பண்டங்களால் ஈடுசெய்வான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிற்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் சொற்கள் மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் அவை இல்லை. 1656இல் கொழும்பு வீழ்ந்தது. கோட்டையைக் கேட்ட மன்னனுக்குக் கணக்குப் புத்தகம் காட்டப்பட்டது. போர்ச் செலவு தீரவில்லை; கடன் தீரும்வரை கோட்டை எம்மிடமே இருக்கும் என்றனர். மறைக்கப்பட்ட வாசகமும் தீராத கடனும் நம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புக்கள் அல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதன் விளைவைப் புத்தளக் கரையே முழுமையாக அனுபவித்தது. 1667 தொடக்கம் 1676 வரையான காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். புத்தளம் கடனீரேரியின் வாயிலை நோக்கி நிற்கும் அக்கோட்டையை இன்றும் காணலாம். கண்டியின் அயல் வாணிபம் மூச்சுவிடும் துளையை அடைப்பதே அதன் பணியாயிற்று. பாக்கு, கறுவா, யானை, இந்தியத் துணி ஆகியவற்றின் மீது கம்பனியின் ஏகபோகம் விதிக்கப்பட்டது. இக்கொள்கையின் தோற்றத்தையும் அதனால் உள்நாட்டு வணிகர் உற்ற இன்னல்களையும் பேராசிரியர் சி. அரசரத்தினம் 1958இல் வெளிவந்த தமது ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். துறைமுகம் சிலகாலம் திறக்கப்பட்டது. பின்னர் மீண்டும் மூடப்பட்டது. திறப்பதும் மூடுவதும் கம்பனியின் இலாபக் கணக்கைப் பொறுத்தனவேயன்றி, மலைநாட்டு விவசாயியின் உப்புப் பானையைப் பொறுத்தனவல்ல.

இதன் பின்னரேனும் பாடம் கற்கப்பட்டதா எனின், இல்லை. ஒல்லாந்தரை மறிக்க ஆங்கிலேயரை நாடினர். 1762இல் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் என்னும் ஆங்கிலத் தூதன் கண்டிக்கு வந்தான். உறுதியான உதவி எதுவும் வரவில்லை. 1766இல் தோல்வியுற்ற கண்டி, நாட்டைச் சுற்றியுள்ள கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்த சலுகைகளுள் ஒன்று, புத்தளம், சிலாபம் பகுதிகளின் உப்பளங்களிற் கண்டி மக்கள் உப்பெடுத்துக்கொள்ளலாம் என்பதாகும். தம் சொந்தக் கரையின் உப்பை அந்நியனின் அனுமதியுடன் அள்ளும் நிலை! 1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1815இல் கண்டியே அவர்கள் வசமாயிற்று. போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தர், ஒல்லாந்தருக்கு எதிராக ஆங்கிலேயர் என்ற சூத்திரம் அதன் இயல்பான முடிவை அடைந்தது.

“அது மன்னர் காலம், இன்று நாம் இறைமையுள்ள குடியரசு” எனச் சிலர் மறுக்கலாம். இறைமை நமது பேரத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை நோக்குவோம். நுரைச்சோலையின் முதற்கட்டம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014 செப்தெம்பரில் முழு நிலையத்தின் திறப்பு வைபவத்தில் சீனத் தலைவர் சி ஜின்பிங் கலந்துகொண்டார். 300 மெகாவாற்று வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாற்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்தே கிடைக்கின்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு வேண்டிய நிலக்கரியில் ஒரு கூடைகூட இம்மாவட்டத்தில் இல்லை. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இரசியா என்று கடல் கடந்தே அது வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கப்பலிலிருந்து இறக்கவும் இயலாது. ஆகவே அதற்கு முன்னரே டொலர் தேடிக் குவித்துவைத்தல் வேண்டும். சாம்பலும் கரித்தூளும் கற்பிட்டிக் குடாநாட்டுத் தோட்டங்களின் மீது படிவது பற்றி மக்கள் பலகாலமாக முறையிட்டு வருகின்றனர். மின்சாரம் நாட்டுக்கு, வட்டி வங்கிக்கு, தூள் எமக்கு.

சரி, இதற்கு மாற்றாக அயல்நாடு வந்தபோது நிகழ்ந்தது என்ன? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் மீள்பிறப்பு மின்சாரத் திட்டம் அமைக்கும் பணி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன், 2021இற் சீனக் கம்பனியொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியிற் சீனத்தரப்புத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. 2022இல் இந்தியாவே நன்கொடையாக அதனைச் செய்து தருவதென உடன்பாடாயிற்று. கடனிலும் நன்கொடை நன்றே. அதனை எவரும் மறுக்கார். ஆனால் இத்தனை இழுபறியிலும் நெடுந்தீவு மக்களுக்கு எத்தகைய மின்சாரம் வேண்டும் என்பது எங்கேனும் விவாதப் பொருளாயிற்றா? தீவு வரைபடத்தில் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதே விவாதம். கொழும்புத் துறைமுகத்திலும் இதுவே கதை. தெற்கு முனையம் ஒன்று 2013 தொடக்கம் சீனக் கம்பனியின் பெரும்பங்குடன் இயங்குகின்றது. 2021இல் மேற்கு முனையம் இந்தியாவின் அதானி குழுமத்தின் பெரும்பங்குக்கு வழங்கப்பட்டது. ஒரு கன்னத்துக்கு ஒரு முத்தம் என்று சமன்செய்வதைச் சமநிலைக் கொள்கை என்கின்றனர். ஒருவனுக்குக் கொடுத்ததை மற்றவனுக்கும் கொடுப்பது சமநிலையன்று; இருமடங்கு இழப்பு.

“இந்தியா ஒல்லாந்து அன்று, மொழியாலும் சமயத்தாலும் உறவாலும் எமக்கு அண்மையானது” என்பது இரண்டாவது மறுப்பு. தமிழ் மாணவராகிய நமக்கு இவ்வாதம் இனிக்கவே செய்யும். ஆனால் உறவு வேறு, ஏற்றுமதிக் கட்டளை வேறு. 2023 டிசெம்பரில் இந்தியா தன் உள்நாட்டு விலையைக் காக்கும்பொருட்டு வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. தன் மக்களைக் காப்பது எந்த அரசினதும் கடமை. அதனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. 2024 ஏப்ரிலில் இலங்கைக்கென 10,000 தொன் அனுமதிக்கப்படும் வரை எமது சந்தையில் வெங்காயம் எட்டாக்கனியாயிருந்தது. கற்பிட்டியின் மணல் நிலத்திலோ சின்ன வெங்காயமும் மிளகாயும் செழித்து விளைகின்றன. இறக்குமதி மலியும்போது இம்மண்ணின் விவசாயி விலையின்றி அழுகின்றான்; இறக்குமதி நிற்கும்போது நகரத்து நுகர்வோன் அழுகின்றான். இருவர் கண்ணீரையும் ஒரே கணக்கிற் சேர்த்துப் பார்க்கும் வர்த்தகக் கொள்கை இன்னும் வகுக்கப்படவில்லை.

உடன்படிக்கைகளின் எண்ணிக்கையிற் குறைவில்லை. இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பரிற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2005இல் பாகிஸ்தானுடனும் அத்தகைய உடன்படிக்கை நடைமுறையாயிற்று. 2006இல் தென்னாசியச் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. இவற்றால் விளைந்தது யாது? முதலிற் கூறிய உடன்படிக்கையின் ஆரம்ப ஆண்டுகளில் இந்தியாவுக்கான எமது ஏற்றுமதி துள்ளி எழுந்தது. புள்ளிவிபர அறிக்கைகள் மகிழ்ந்தன. அத்துள்ளலில் முக்கிய பங்கு வகித்த பண்டங்களுள் ஒன்று வனஸ்பதி. மலேசிய, இந்தோனேசியப் பாமெண்ணெயைக் குறைந்த தீர்வையில் இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு ஏற்றினர். இந்தியா அளவுக்கட்டுப்பாடு விதித்ததும் அத்தொழில் சரிந்தது. தென்னை முக்கோணத்தின் ஒரு மூலையான புத்தளத்தின் தேங்காய் அக்கணக்கில் எங்கே இருந்தது? தீர்வை வித்தியாசத்தை ஏற்றுமதி செய்த வர்த்தகம் அது; எமது உழைப்பை ஏற்றுமதி செய்ததன்று.

போட்டியை அடிப்படையாகக் கொண்ட பிராந்தியம் எவ்வாறு உறைந்துபோகும் என்பதற்குச் சார்க் அமைப்பைவிடச் சிறந்த சான்றில்லை. 1985இல் டாக்காவில் தோன்றிய அவ்வமைப்பின் உச்சிமாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்ததன் பின் கூடவேயில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் முகம்பார்க்க மறுத்தமையால் எட்டு நாடுகளின் கதவும் மூடிக்கிடக்கின்றது. தென்னாசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் அவை தமக்குள் செய்வது ஏறத்தாழ 5 வீதமே என உலக வங்கி சுட்டிக்காட்டியுள்ளது. பகைமையின் மீது பிராந்தியத்தைக் கட்டுவோர் இவ்வெண்ணைச் சிந்தித்தல் வேண்டும்.

“அப்படியாயின் சிறு நாட்டுக்கு வேறு வழியேது?” என்பது இறுதி மறுப்பு. வழி ஒன்று எமது வரலாற்றிலேயே உண்டு. 1952இல் அரிசிப் பஞ்சம். இறப்பர் விலையோ சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கா முகஞ்சுளித்தபோதும், அதனால் உதவி மறுக்கப்படும் என்றறிந்தும், அன்றைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க தலைமையிற் சென்ற குழு சீனத்துடன் உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவதென முடிவாயிற்று. இறப்பருக்குச் சந்தையிலும் கூடிய விலை. அரிசிக்குக் குறைந்த விலை. அதனைச் செய்தது பொதுவுடைமை அரசன்று. பொதுவுடைமையை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு. எவரை எதிர்ப்பது என்று அவர்கள் கேட்கவில்லை. எமக்கு எது இல்லை, எம்மிடம் எது உண்டு என்று கேட்டனர். அன்று அரிசி தந்த அதே சீனம் பின்னாளிற் கடன் தந்தபோது அக்கேள்வி கேட்கப்படவில்லை. வேறுபாடு நாட்டில் இல்லை, கேள்வியில் இருக்கின்றது.

இக்கேள்வியைப் புத்தளக் கரையில் நின்று கேட்டுப் பார்ப்போம். எம்மிடம் உப்பு உண்டு. ஆயினும் தொடர் மழையால் விளைச்சல் கெட்டபோது, 2025இல் இந்திய உப்பை எதிர்பார்த்து நாடு நின்றது. உப்பளங்களின் சேமிப்புக் களஞ்சியங்களைப் பெருக்குவதும், தூத்துக்குடி உப்பளத்தாருடன் பஞ்சகாலப் பரிமாற்றத்துக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்வதும் ஒரு வர்த்தகக் கூட்டுறவன்றோ? எம்மிடம் மீன் உண்டு. கரைவலை இழுக்கும் உடப்பிலிருந்து சிலாபம் சந்தைக்குப் போனால் தாய்லாந்து நெத்தலியும் மாலைதீவு மாசியும் கடையை நிறைத்திருக்கின்றன. அவை வரட்டும், தவறில்லை. ஆனால் பாடு மிகுந்த நாளில் எம்மவர் மீனைப் பழுதின்றி உலர்த்தவும் குளிரூட்டவும் வசதியின்றி அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை மாறாதவரை எந்தச் சுதந்திர வர்த்தகமும் அவர்களுக்குச் சுதந்திரமன்று. இறால் பண்ணைகளின் கதையும் பாடமாகும். யப்பானுக்கும் மேற்கு நாடுகளுக்கும் ஏற்றும் ஆசையிற் கண்டற் காடுகள் அழிக்கப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பண்ணைகள் பாழ்நிலமாயின. சந்தை இருந்தது, கரையின் நலம் இருக்கவில்லை.

எனவே, அயல்நாட்டு வர்த்தகத்தை வலுப்படுத்துவோம் என்போரிடம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். ஒன்று, எந்த வல்லரசுடனாயினும் செய்துகொள்ளப்படும் உடன்படிக்கையின் முழு வாசகமும், கைச்சாத்திடப்படுவதற்கு முன், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். 1638இன் இரு பிரதிக் கதை போதும். இரண்டு, இறக்குமதித் தீர்வைகள் எமது அறுவடைக் காலத்தையொட்டி முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். விளைச்சல் வியாபாரியின் கைக்குப் போனபின் தீர்வையை உயர்த்துவதால் விவசாயிக்குப் பயனில்லை. மூன்று, பேச்சுவார்த்தை மேசையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விவசாயிகளுக்கும் இடம் வேண்டும். நான்கு, 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியதுபோல, புத்தளக் கரைக்கும் தமிழகக் கரைக்குமிடையே சிறு சரக்குத் தோணிகள் சட்டப்படி செல்ல வழிவகுத்தல் வேண்டும். பாக்கும் துணியும் சென்ற கடல்வழி அதுவே. இக்கோரிக்கைகளுள் எதிலும் சீனத்தின் பெயரோ இந்தியாவின் பெயரோ எதிரியாக இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் சுவர்களுக்குள் இருந்துகொண்டு வல்லரசுகளின் சதுரங்கத்தைப் பற்றி விவாதிப்பது எளிது, இன்பமும் தரும். எவன் எந்தக் காயை நகர்த்தினான் என்று கூறுவோர் அறிஞராகவும் போற்றப்படுவர். ஆனால் காயாக நிற்பவரின் பிள்ளைகள் நாம். கற்பிட்டிக் கோட்டையின் மதிலில் ஏறி நிற்கும் மாணவன் ஒரு புறம் கடனீரேரியின் வாயிலையும் மறுபுறம் திறந்த கடலையும் காணலாம். அவ்வாயிலைக் காக்க வருகின்றோம் என்று சொல்லி வந்தவர்களே அதனை அடைத்தனர் என்பதை அக்கற்கள் அறியும். அடுத்த முறை விரிவுரை மண்டபத்தில் “இவர்களுக்கு எதிராக அவர்களுடன்” என்ற சூத்திரம் கரும்பலகையில் எழுதப்படும்போது, ஒருவரேனும் எழுந்து, “ஐயா, இதில் எங்கள் உப்புக்கு என்ன விலை?” என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை தரும் உடன்படிக்கை எந்நாட்டுடன் வரினும் வரவேற்போம். விடை தராத உடன்படிக்கை உறவினன் கையால் வரினும் அது மிளகாயே.